போர்டு லைனில் அடைத்த வீடு

தீர்த்தம்மாள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வீட்டைத்தான் தன் வீடு என்று நினைத்திருந்தாள். அந்த வீடும் அவளுடையதன்று, ஜில்லா போர்டாருடையது. தர்மபுரி டவுனுக்கு வடக்கே, வண்டிப்பேட்டையைத் தாண்டினால் ஒரு பெரிய புளியமரம் நிற்கும். அந்த மரத்துக்கு எதிரே, சாலைக்கூலிகளுக்கும் தண்ணீர் வண்டிக்காரர்களுக்கும் சாக்கடை வாருகிறவர்களுக்கும் என்று போர்டார் ஒரு காலத்தில் வரிசையாக வீடுகள் கட்டிவிட்டிருந்தார்கள். ஊரில் அதற்குப் போர்டு லைன் என்று பெயர். மண்சுவர், புல்கூரை, குடும்பத்துக்கு ஓர் அறை. ஒரு வீட்டின் பக்கச்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆகையால் இந்த வீட்டில் ஒருவர் இருமினால் அந்த வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெடும். சுவருக்குள் எலிகள் மனிதர்களைவிட வசதியாகக் குடியிருந்தன.

நல்லம்பள்ளிப் பக்கம் பிறர் காட்டில் ராகிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவளை, போர்டில் தண்ணீர் வண்டி ஓட்டிய மாது கட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்று அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல காத்து எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டாளாம். "காத்துக்கு வேற வேலை இருக்குது. நீ வந்துட்டியே, போதும்" என்று மாது சொன்னானாம். அவள் தரையை மெழுகி, மூலையில் அடுப்புப் போட்டாள். சுவரில் இரண்டு கட்டை அடித்து உறி தொங்கவிட்டாள். சின்னபொண்ணு அந்த அறையில்தான் பிறந்தாள். பிறந்த வீட்டிலும் தீர்த்தம்மாளுக்குக் கூரை என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்ததில்லை. மாமன் வீட்டு மாட்டுக் கொட்டாயின் ஓரத்தில் வளர்ந்தவள். அதனால் அந்த ஓர் அறை அவளுக்கு எத்தனை பெரியது என்பதை லைனில் வேறு யாரும் அறிந்திருக்க நியாயமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் மாதுவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. படுத்தவன் எழவில்லை. அவன் உயிர் போன நாள் சதயம்.

நாளைப் பார்த்துச் சொன்னவர் பச்சியப்பன். சாலைக்கூலிகளுக்கு மேஸ்திரி, தீர்த்தம்மாளுக்குக் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர். லைனில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆகையால் பஞ்சாங்கமும் அவரிடமே இருந்தது. சதயத்தில் சாவு விழுந்தால் அது தனிஷ்டாபஞ்சமிக் கணக்கில், அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்துக்கும் உள்ள தோஷத்தில், சேர்ந்தது. வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும். பிணத்தையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது. பின்சுவரை இடித்து, அந்தத் துளை வழியாகத்தான் மாதுவை வெளியே எடுத்தார்கள். பிறகு முன்கதவைச் சாத்தி, வேலமுள்ளை வெட்டிவந்து குறுக்கே கட்டினார்கள். துளைக்கும் முள் வைத்தார்கள்.

"ஆறு மாசம், தீர்த்தா" என்றார் பச்சியப்பன். "கதவைத் தொடாத. உள்ள இருக்கற எதையும் எடுக்காத. இன்னொண்ணும் கேட்டுக்க. என் வூடுன்னு வாயால சொல்லாத. அடைச்ச வூட்டை ஒருத்தர் என்னுதுன்னு சொன்னா, உள்ள இருக்கறது ஆள் இருக்குதுன்னு நெனைச்சுக்கும். வந்து கூப்புடும்."

"மழையில புள்ளைய வச்சிக்கிட்டு எங்க மாமா போவேன்?"

"மரத்தடியில கொட்டாய் போட்டுத் தர்றோம். லைன் பூரா குஞ்சும் குளுவானுமா இருக்குது, பாத்தியில்ல? உன் ஒரு வூட்டுக்காவ அத்தனையையும் பணயம் வைக்க முடியுமா?"

பச்சியப்பன் கெட்டவர் அல்லர். சொன்னபடி தம் ஆட்களை வைத்துப் புளியமரத்தடியில் கொட்டாய் போட்டுக் கொடுத்தார். தம் வீட்டு ராகியில் பங்கு கொடுத்தார். அவர் மருமகள் பாஞ்சாலி ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். தீர்த்தம்மாளும் அந்த விதியை வெறும் கட்டாயத்துக்காக ஏற்கவில்லை. அவளும் அதை நம்பினாள். லைனில் இன்னொரு சாவு விழுந்தால் அது தன் கதவிடுக்கு வழியாக வந்ததாகத்தான் இருக்கும் என்று பயந்தாள். கொட்டாயில் உட்கார்ந்துகொண்டு எதிரே முள் கட்டிய கதவைப் பார்ப்பாள். உறியில் வைத்த புளி என்ன ஆயிற்றோ என்று நினைப்பாள். ஆறு மாதம் என்பது ஓடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மூன்றாவது மாதத்தில் ஓவர்சீர் வந்தார்.

எலியால் பிளேக் வரும் என்று ஜில்லா முழுவதும் பயம் இருந்த காலம். மண்சுவர்களில் இடிந்த இடங்களுக்குச் செங்கல் வைத்து, கூரைக்குச் சீமை ஓடு போட்டு, தரைக்குச் சிமிட்டி பூசி, லைனையே புதுப்பிப்பது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. கூடவே, ஜனங்கள் கூடவும் பிள்ளைகள் மாலையில் படிக்கவும் பிற்பாடு ஒரு ரேடியோப் பெட்டி வைக்கவும் ஒரு பொதுக்கூடம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு. அதற்கு லைனிலேயே இடம் பார்க்கும்படி ஓவர்சீருக்குச் சொல்லியிருந்தார்கள். ஓவர்சீர் சவுரியப்பன் சேலத்துக்காரர், கிறிஸ்தவர். பொறுமையானவர். ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து நாடா பிடித்து அளந்து, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று வீட்டுக்காரியையே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

லைனின் மேற்குக் கோடி வீடு வெகுநாளாகக் காலி. அதில் இருந்தவன் பிளேக் பயத்தில் ஊரைவிட்டே போய்விட்டான். அதை அடுத்தது தீர்த்தம்மாளின் வீடு. முள்ளைப் பார்த்ததும் சவுரியப்பன் நின்றார்.

"இதுல யாரு இருக்காங்க?"

லைன் ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். பச்சியப்பன்தான் பதில் சொன்னார். "இப்ப யாரும் இல்லீங்க."

"முள்ளு எதுக்கு?"

"மாடு உள்ள பூராம இருக்கறதுக்குங்க."

சவுரியப்பன் பின்பக்கம் போய்த் துளையைப் பார்த்துவிட்டு வந்தார். "பின்சுவரும் போயிருக்குதே. தானா விழுந்துச்சா?"

"ஒடைச்சதுங்க."

"இருந்தவன் ஒடைச்சானா?"

பச்சியப்பன் தரையைப் பார்த்தார். செத்தவன் பேரை அடைத்த கதவின் முன் சொல்வதற்கு அவருக்கு நா எழவில்லை. "அவனுக்காவ ஒடைச்சதுங்க" என்று மட்டும் சொன்னார். சவுரியப்பனுக்கு அது விளங்கவில்லை. குடியிருந்தவன் வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

தீர்த்தம்மாள் புளியமரத்தடியில், ஒன்பது வயதுச் சின்னபொண்ணைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஓவர்சீர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவள் காதில் விழுந்தது. 'அது என் வூடுங்க' என்ற மூன்று சொல் அவள் தொண்டைவரை வந்தது. சொன்னால் உள்ளே இருப்பது கூப்பிடும். யாரைக் கூப்பிடும்? கையைப் பிடித்திருந்த பிள்ளை அண்ணாந்து அவள் தாலியில்லாத கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஓவர்சீர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

வேலை மாசியில் தொடங்கிற்று. பாலக்கோட்டிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். செங்கல்லும் சாந்தும் சுமக்க லைன் பெண்களையே கூலிக்கு வைத்தார்கள், தீர்த்தம்மாளும் போனாள். அடைத்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளும்படி பச்சியப்பன் கொத்தனார்களிடம் கேட்டுக்கொண்டார். கிழக்கிலிருந்து வேலை ஆரம்பித்தபடியால் அது எளிதாகவும் போயிற்று. வீடு வீடாகக் கூரை இறங்கி ஓடு ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, அவளுக்குச் சந்தோஷம் சுரந்தது. அடைப்பு முடிகிற காலத்தில் வேலை தன் வீட்டுக்கு வந்து சேரும். முள்ளை எடுத்துவிட்டு நுழையும்போது அது ஓட்டு வீடாக இருக்கும்.

கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். "தீர்த்தாவுக்குத்தான் யோகம். மாது திரும்பி வந்தான்னா வூடு அடையாளம் தெரியாம அலைவான்" என்றாள் ஒருத்தி.

"அலையட்டும். உசுரோட இருக்கறப்ப மட்டும் நேரா வூட்டுக்கா வந்தான்?" என்றாள் தீர்த்தம்மாள். மாது செத்தபின் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாகப் பாஞ்சாலி சொல்வதுண்டு.

சித்திரையில் அடைப்பு முடிந்தது. பச்சியப்பனே முள்ளை வெட்டி எறிந்தார். உள்ளே உறி எலி கடித்து அறுந்து கிடந்தது. கொத்தனார்கள் வேலையை முடிக்கும்வரை இன்னும் சில நாள் கொட்டாயிலேயே இருந்துகொள்ளலாம் என்று தீர்த்தம்மாள் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்தாள். முதல் வேலையாகப் பின்சுவர்த் துளையை அடைத்தார்கள். அதற்குச் செங்கல் சுமந்து கொடுத்தவள் அவள்தான். மாது போன வழியை ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்து மூடினாள்.

மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. தன் வீட்டுக்கும் கோடி வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரை இரண்டு பேர் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, நடுச்சுவத்தை எதுக்கு ஒடைக்கறீங்க?"

"ரெண்டும் ஒண்ணாவுதேம்மா. பொதுக்கூடம்" என்றார் கொத்தனார், கையை நிறுத்தாமல்.

அவள் சாந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். சவுரியப்பன் சாலையில் ஓடு ஏற்றிய வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் போய் அவர் முன்னால் நின்று, இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னாள். "அது என் வூடுங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நான் வந்து கேட்ட அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"மரத்தடியிலதாங்க."

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"பின்ன ஏன்மா பேசலை?"

பச்சியப்பன் ஓடிவந்து, சதயத்தையும் ஆறு மாதத்தையும் முள்ளையும் விளக்கினார். சவுரியப்பன் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "மேஸ்திரி, இதை ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கோடி வூட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, பாக்கியை வெளிப்பக்கமா நீட்டியிருப்பேனே" என்றார். அந்தப் பேச்சில் கோபம் இல்லை. அதனாலேயே அது பச்சியப்பனைச் சுட்டது.

சவுரியப்பன் மேலே எழுதிப் பார்த்தார். பிளான் பாஸாகிவிட்டது, மேலும் செத்த வேலையாளின் பெண்சாதிக்கு லைனில் பாத்தியதை இல்லை என்று பதில் வந்தது. தம்மால் ஆனதை அவர் செய்தார். பொதுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ள வாயால் அனுமதி கொடுத்தார். அவள் சாய்ப்பை இறக்கிய இடத்தில், தலைமாட்டுக்கு நேராக, ஓர் ஆளைக் கிடத்தின அளவுக்குப் புதுச்சுண்ணாம்பு பூசின திட்டு இருந்தது.

பொதுக்கூடத்தை மாவிலைத் தோரணம் கட்டித் திறந்தார்கள். பெரிய மனிதர்கள் பேசினார்கள். லைன் பிள்ளைகளுக்குப் பொரியுருண்டை கொடுத்தார்கள். மறு வருஷம் பேட்டரியில் பாடும் ரேடியோப் பெட்டி வந்தது. அதை ஒரு மேசைமேல் வைத்துப் பூட்டினார்கள். தினமும் பொழுது சாய்கிற வேளையில் போர்டு குமாஸ்தா ஒருவர் சாவியோடு வந்து திறந்து வைப்பார். மேசை போட்ட மூலை, தீர்த்தம்மாள் அடுப்புப் போட்டிருந்த மூலை. சிமிட்டிக்கு அடியில் இருந்த இடத்தை அவள் கால் அறியும். பெருக்கும்போது அந்த மூலைக்கு வந்தால் விளக்குமாற்றைக் கொஞ்சம் மெதுவாகப் போடுவாள்.

கூடம் லைனுக்கு நல்லதாகத்தான் அமைந்தது. அதில் கல்யாணங்கள் நடந்தன. பிள்ளைகள் எழுத்துக் கற்றன. மழைக்கு ஒதுங்க இடம் ஆயிற்று. கல்யாணப் பந்தியில் பாஞ்சாலி அவளைச் சீண்டுவாள். "யக்கா, உன் வூட்டுல விருந்து. எங்களை வான்னு ஒரு வார்த்தை கூப்புடலையே."

"வாடகையைக் குடுத்துட்டு உக்காரு" என்பாள் தீர்த்தம்மாள், எச்சில் இலையை எடுத்துக்கொண்டே.

பச்சியப்பன் மட்டும் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ரேடியோவைக்கூடத் தம் வாசலில் உட்கார்ந்தபடியே கேட்பார். காரணம் கேட்டால், "காதுக்கு எட்டுதே, போதாதா?" என்பார்.

உலகச் சண்டை வந்தது. அரிசிக்கு ரேஷன் வந்தது. சின்னபொண்ணைப் பாலக்கோட்டுக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. சவுரியப்பன் மாற்றலாகிப் போய்ப் புதிய ஓவர்சீர் வந்தார். ரேஷன் தானியம் வைக்கக் கூடத்தை ஒட்டி ஓர் அறை வேண்டும் என்று அவர் ஒருநாள் பச்சியப்பன் வீட்டுக்குள் வந்து, நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து, காவிக்கட்டியால் அதில் ஒரு கோடு இழுத்தார். "இந்த வூடு என்னிக்காச்சும் காலியானா சொல்லுங்க. ஆள் இருக்கறப்ப எடுக்கச் சொல்லலை" என்றார். அந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கப் பாஞ்சாலிக்குத் தைரியம் வரவில்லை.

நாற்பத்து நாலாம் வருஷம் பங்குனியில் பச்சியப்பன் விழுந்தார். தார்ப்புகையும் சாலைப் புழுதியும் அவர் நெஞ்சை முன்பே தின்றிருந்தன. அன்று அவர் மகன், பாஞ்சாலியின் புருஷன் கிருஷ்ணப்பன், பென்னாகரம் சாலையில் கல் பரப்பப் போயிருந்தான். பாஞ்சாலிக்கு ரேஷன் கடையில் நிற்க வேண்டியிருந்தது. "யக்கா, மாமனைக் கொஞ்சம் பாத்துக்க. கேட்டா ஒரு வாய் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கிழவர் கண்ணைத் திறந்தபோது வெயில் வாசற்படியில் இறங்கியிருந்தது.

"ரேடியோ வச்சாச்சா?"

"இன்னும் இல்லை மாமா. குமாஸ்தா வரலை."

"இன்னிக்கு என்னா நாளுன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? பஞ்சாங்கம் உங்க தலைமாட்டுல இருக்குது."

"ரேவதி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சொன்னார்: "ரேடியோ வைக்கற நேரத்துக்கு முடியுது. அதுக்கு மேல அசுவினி. அசுவினிக்குத் தோசமில்லை."

"அப்ப அசுவினியில போங்க."

கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அவரை மடக்கிப் போட்டது. அவள் நெஞ்சை நீவிவிட்டாள். "இழுத்துப் புடிச்சுத்தான் பாக்கறேன்" என்றார். "முந்திப் போயிட்டேன்னா, அடைச்சிரச் சொல்லு. ஒளிக்காத, தீர்த்தா. உனக்கு ஒரு சாத்திரம், எனக்கு ஒரு சாத்திரம்னு இல்லை."

"அடைச்சா வூடு போயிரும் மாமா. கோடு போட்டு வச்சிருக்கறான்."

"வூடுதானே. ஆளு போறதுக்கு அது தேவலை." கண்ணை மூடிக்கொண்டார். "உன் வூட்டுலயும் நான் அதைத்தான் நெனைச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒரு மூச்சுக்குப் பின் அடுத்தது வரவில்லை. வெயில் இன்னும் வாசற்படியிலேயே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் சத்தமே இல்லை.

சாவுக்கு உடனே குரல் கொடுப்பது வழக்கம். தீர்த்தம்மாள் வாயைத் திறந்தாள். அப்போது எதிர்ச்சுவரில் இருந்த காவிக்கோடு கண்ணில் பட்டது. அதற்கு அப்பால் அவளுடைய அறை. பின்னால் அவள் கையால் கல் கொடுத்து அடைத்த துளை. இந்த வீட்டையும் முள் வைத்து அடைப்பார்கள். பாஞ்சாலி புளியமரத்தடியில் நிற்பாள். புது ஓவர்சீர் வந்து யாரு இருக்காங்க என்று கேட்பார். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து கதவைப் பாதி சாத்தினாள். கிழவரின் தாடை தொங்காதபடி கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தெருவில் போன ஒருத்தி வாசலில் நின்று, "கெழவன் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டாள்.

"தூங்கறாரு."

வந்தவள் போய்விட்டாள். கைக்குள் இருந்த தாடை மெல்லச் சில்லிட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் கூடத்தின் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. பெட்டி கரகரத்தது. நாகசுரம் தொடங்கிற்று. பஞ்சாங்கக் கணக்கில் சற்று முன்பின் இருக்கலாம் என்று, ஒரு பாட்டு முடிகிறவரைக்கும் அவள் பொறுத்திருந்தாள். அதன் பிறகுதான் குரல் கொடுத்தாள்.

வண்டிப்பேட்டை மளிகைக் கடைக்காரர் வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "ரேடியோ வச்சதுக்கு முன்னயா, பின்னயா?"

"பாட்டுக் கேட்டுக்கிட்டேதான் போயிட்டாரு" என்றாள் தீர்த்தம்மாள்.

"நல்ல சாவு" என்றார் அவர். பச்சியப்பனை வாசல் வழியாகவே எடுத்தார்கள்.

இதைக் கருணை என்று சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. பாஞ்சாலி தெருவில் நிற்கக் கூடாது என்று அவள் நினைத்தது மெய். அந்தக் கூடம் இன்னொரு அடுப்பு மூலையை விழுங்கக் கூடாது என்று நினைத்ததும் அதே அளவுக்கு மெய். ஆனால் அவள் சாத்திரத்தை விட்டுவிட்டவள் அல்லள். அடைக்க வேண்டிய வீட்டை அடைக்காமல் விட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அன்றிரவே உறைத்துவிட்டது. அடுத்த ஆறு மாதமும் அவள் லைனில் இருமல் கேட்டால் எழுந்து உட்கார்வாள். பாஞ்சாலியின் பிள்ளைகளில் எதற்காவது உடம்பு சுட்டால், கேட்காமலே போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். "எங்க மாமியார் செத்து நீ வந்து சேந்த" என்று பாஞ்சாலி சலித்துக்கொள்வாள்.

ஆடியில் ஊரில் வாந்திபேதி வந்தது. கிணறுகளுக்கு மருந்து போட்டார்கள். லைனில் பல வீடுகளில் படுத்தார்கள். பல பேர் எழுந்துவிட்டார்கள். பாஞ்சாலியின் கடைசிப் பெண் சின்னம்மாள் மட்டும் எழவில்லை.

டவுன் முழுவதும் பேதி என்று எல்லோரும் சொன்னார்கள். பாஞ்சாலியும் அதையே சொல்லி அழுதாள். வரிசையாக எத்தனையோ வீட்டில் வந்த நோய் ஒரு வீட்டில்தான் ஆளைக் கொண்டுபோயிற்று என்பதும், பச்சியப்பன் ரேவதியில் செத்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை என்பதும் தீர்த்தம்மாளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. அவள் குழந்தையை மரத்தடியில் வைத்துக் குளிப்பாட்டினாள். பாஞ்சாலி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "நீதான்க்கா எங்களுக்கு எல்லாம்" என்றாள். முன்பு சவுரியப்பன் கேட்டபோது தீர்த்தம்மாள் பேசாமல் நின்றாளே, அதே மரத்தடியில் அதே மாதிரி நின்றாள்.

அதன்பின் அவள் சாய்ப்பில் படுப்பதை விட்டாள். கயிற்றுக் கட்டிலைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பகலில் கூடத்தைப் பெருக்குவாள், பாத்திரம் பண்டம் சாய்ப்பில் இருக்கும், படுக்கை வெளியில். மழை வந்தால் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே குந்தியிருப்பாள். லைன் ஆட்கள் முதலில் திட்டினார்கள்; பிறகு பழகிவிட்டார்கள்.

நாற்பத்தேழாம் வருஷம் லைனின் கிழக்குக் கோடியில் ஒரு வீடு காலியாயிற்று. அப்போது கிருஷ்ணப்பன் தகப்பன் வேலைக்கு வந்து மேஸ்திரியாக இருந்தான். அப்பனைக் கடைசிவரை மடியில் வைத்துப் பார்த்தவள் என்று அவளிடம் அவனுக்கு மரியாதை உண்டு. அவனே அலைந்து, கெஞ்சி, கூடம் பெருக்குகிறவளும் போர்டு வேலையாள்தான் என்று ஒப்புக்கொள்ள வைத்து, சாவியோடு வந்தான். பாஞ்சாலியும் பின்னாலேயே வந்தாள்.

"யக்கா, இந்தா. ஓட்டு வூடு. சிமிட்டித் தரை. எங்கப்பன் ஒடைச்சதுக்கு நான் கட்டிக் குடுத்ததா வச்சிக்க."

அவள் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் அவள் கனவு கண்டது அதுதான். கொஞ்ச நேரம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாம் கிருஷ்ணா. நான் வெளியிலயே இருந்துக்கறேன்."

"கிறுக்கா யக்கா உனக்கு?" என்றாள் பாஞ்சாலி. "வூடு வூடுன்னு நீ ஏங்கினது எனக்குத் தெரியாதா? யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்லை."

"பின்ன என்னாதான்?"

தீர்த்தம்மாள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். "கூரைக்கடியில செத்தா நாள் பாக்கணும்" என்றாள். "வெளியில செத்தா எதையும் அடைக்க வேண்டியதில்லை."

கிருஷ்ணப்பன் அதை அவளுடைய விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான். பாஞ்சாலி திட்டிக்கொண்டே போனாள். அந்த வீடு வேறொரு சாலைக்கூலிக்குப் போயிற்று.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மார்கழியில், பெருக்க வரவில்லையே என்று குமாஸ்தா ஆள் அனுப்பினார். அவள் கட்டிலில் பனி நனைத்த கோணிக்கு அடியில் கிடந்தாள். பாலக்கோட்டிலிருந்து சின்னபொண்ணு வந்து சேரும்வரை கூடத்தில் கிடத்தலாமா என்று சிலர் கேட்டார்கள். பொதுக்கூடத்தில் பிணம் வைக்கக் கூடாது என்று போர்டு விதி இருந்தது. அதனால் மரத்தடியிலேயே வைத்திருந்தார்கள். மளிகைக் கடைக்காரர் வழக்கப்படி பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வெளியில போனதுக்கு எதுக்குங்க நாளு?" என்றான் கிருஷ்ணப்பன்.

அவரும் சரி என்று அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று என்ன நட்சத்திரம் என்று யாரும் பார்க்கவில்லை.